மருதம்பட்டை டீ குடிச்சா ஹார்ட் மாத்திரையை நிறுத்தலாமா?

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போனால், காவிரிக் கரையில் வெளிறிய, வழவழப்பான தண்டோடு நிற்கும் பெரிய மரங்களைப் பார்த்திருப்பீங்க. அதுதான் நீர்மருது. இதயத்துக்கு அதன் பட்டையைக் கஷாயமாகக் கொடுப்பது பழைய வழக்கம். ஆயுர்வேதத்தின் அர்ஜுனாரிஷ்டமும் இதில்தான் தயாராகுது.

பலன் இருக்கா? 1995இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், தீவிர இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கு மூச்சுத்திணறல் குறைந்தது. ஆனா அதில் இருந்தது வெறும் 12 பேர். அவங்களும் வழக்கமான மாத்திரையை நிறுத்தலை. பட்டைச் சாறு கூடுதலாகத்தான் கொடுக்கப்பட்டது. ரீல்ஸ்ல இந்தப் பாதியை யாரும் சொல்றதில்லை.

டீயை நம்பி பிரஷர் மாத்திரையை விட்டால், அழுத்தம் அறிகுறியே காட்டாமல் ஏறலாம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், டாக்டரிடம் கேட்காமல் பட்டையைத் தொடவே வேண்டாம்.