முதலில் கட்டணத்தைக் குறையுங்கள், பிறகு கடன் கேளுங்கள்

கொல்கத்தாவில் ஜாதவ்பூர் போன்ற அரசுப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய் போதும். ஆனால் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடைக்காதவர்கள் சால்ட் லேக், நியூ டவுன் பக்கம் போகிறார்கள். டெக்னோ இந்தியா, அமிட்டி, சிஸ்டர் நிவேதிதா, செயின்ட் சேவியர்ஸ் எனத் தனியார் பல்கலைக்கழகங்கள் அங்கே நிறைய உண்டு. தொழிற்படிப்பென்றால் கட்டணம் ஆண்டுக்கு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்தப் பணத்தைப் புரட்ட உதவிகள் இருக்கின்றன. அவற்றை எந்த வரிசையில் கேட்கிறோம் என்பதில்தான் லாபமும் நட்டமும்.

முதலில்: திருப்பித் தர வேண்டாத பணம்

மேற்கு வங்க நுழைவுத் தேர்வின் வழியாகத் தனியார் பொறியியல் கல்லூரிகளில் சேருவோருக்குக் கல்விக் கட்டண விலக்கு இடங்கள் உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். விலக்கு கல்விக் கட்டணத்துக்கு மட்டுமே. விடுதி, தேர்வு, இதர கட்டணங்களை நாம்தான் கட்ட வேண்டும். விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்டாக வேண்டும்.

அடுத்தது சுவாமி விவேகானந்தர் உதவித்தொகை. இதற்கும் வருமான வரம்பு இரண்டரை லட்சம்தான். முந்தைய தேர்வில் 60 விழுக்காடு வேண்டும். இளங்கலை கலைப் பிரிவுக்கு மாதம் 1,000 ரூபாய், அறிவியலுக்கு 1,500, பொறியியலுக்கு 5,000. பொறியியல் மாணவருக்கு இது ஆண்டுக்கு 60,000 ரூபாய்.

பல்கலைக்கழகமே தரும் மதிப்பெண் சலுகை மூன்றாவது. இதில் கவனம் தேவை. முதலாண்டு மட்டுமா, எல்லா ஆண்டுக்குமா? எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நின்றுவிடும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு: மாநிலத்தின் கடன்

மேற்கு வங்க அரசு 2021 ஜூன் 30 அன்று ஸ்டூடண்ட் கிரெடிட் கார்டு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் எப்படியிருந்தாலும் இது கல்விக் கடன். 10 லட்சம் வரை வாங்கலாம். வட்டி 4 விழுக்காடு, அதுவும் தனிவட்டி. சொத்து அடமானம் வேண்டாம். அரசே உத்தரவாதம் தருகிறது. தந்தையோ தாயோ பாதுகாவலரோ இணைக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். படிக்கும்போதே வட்டியை முழுதாகக் கட்டினால் ஒரு விழுக்காடு தள்ளுபடி. அசலை அடைக்க, படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டு அவகாசமும் சேர்த்து 15 ஆண்டு.

ஒரு கணக்கு போடுவோம். ஆண்டுத் தொடக்கத்தில் ஒன்றரை லட்சம் வீதம் நான்கு ஆண்டில் 6 லட்சம் கடன். 4 விழுக்காட்டில் முதலாண்டு வட்டி 6,000, அதாவது மாதம் 500 ரூபாய். அடுத்தடுத்த ஆண்டுகளில் மாதத்துக்கு 1,000, 1,500, 2,000 என ஏறும். வட்டியை அவ்வப்போது கட்டிவிட்டால் ஐந்தாண்டு முடிவில் பாக்கி 6 லட்சம்தான். பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை ஏறத்தாழ 6,100 ரூபாய். கட்டாமல் விட்டால் 84,000 ரூபாய் வட்டி சேர்ந்து தவணை 6,900க்கு மேல் போகும். இதே கடனை 10 விழுக்காட்டில் வாங்கி, படிக்கும்போது வட்டி கட்டாமல் விட்டால், தவணை 10,700 ரூபாய். முதல் சம்பளம் 20,000 ரூபாயாக இருக்கும் பிள்ளைக்கு அது பாதிச் சம்பளம்.

பத்தாண்டு ஆகாதவர்களுக்கு

ஸ்டூடண்ட் கிரெடிட் கார்டு கடனுக்கு மாநிலத்தில் பத்தாண்டு வசித்திருக்க வேண்டும். லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அதில் சிக்கல் இல்லை. வங்கி, ரயில்வே பணிமாற்றத்தில் அண்மையில் வந்தவர்களுக்குத்தான் இடிக்கும். தமிழ்நாட்டின் முதல் பட்டதாரிச் சலுகை அங்கே படிப்பவர்களுக்கு உரியது. அதையும் இங்கே எதிர்பார்க்க முடியாது.

அவர்களுக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம் வித்யாலட்சுமி இருக்கிறது. அடமானமும் ஜாமீனும் இல்லாத கடன். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்து, வேறு அரசு உதவித்தொகையோ வட்டிச் சலுகையோ பெறாதிருந்தால், 10 லட்சம் வரையான கடனுக்குத் தவணை தொடங்கும்வரை 3 விழுக்காடு வட்டி மானியம் கிடைக்கலாம். ஆனால் தேசிய தரவரிசைப்படி தேர்ந்த நிறுவனங்களுக்கு மட்டுமே இது பொருந்தும். எனவே சேரும் முன்பே பட்டியலைப் பாருங்கள்.

முன்பணம் கட்டும் முன்

முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். கல்வி, தேர்வு, விடுதி, வைப்புத் தொகை, ஆண்டுதோறும் உயரும் தொகை எல்லாவற்றையும் நான்காண்டுக்கும் கூட்டுங்கள். மூலச் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் மறுக்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பு அவற்றைப் பிடித்து வைக்கக் கூடாது என்கிறது. விலகினால் எத்தனை நாளுக்குள் எவ்வளவு பணம் திரும்ப வரும் என்பதற்கும் அதில் விதி உண்டு.

கடன் கட்டணத்தைக் குறைப்பதில்லை, தள்ளிப் போடுகிறது. ஆகவே மொத்தச் செலவில் விலக்கையும் உதவித்தொகையையும் முதலில் கழியுங்கள். மிஞ்சும் தொகைக்கு மட்டும் கடன் வாங்குங்கள். அந்தத் தவணை, அதே படிப்பை முடித்தவர்கள் உண்மையில் வாங்கும் முதல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், வேறு கல்லூரியைப் பார்ப்பது நல்லது.