கை இருந்தால் போதுமா, கருத்து வேண்டாமா?

சென்னை கொருக்குப்பேட்டை வழியாக ஓடாத ரயில் வகை இல்லை. சென்ட்ரலிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில்கள், ஆந்திரம் நோக்கி விரையும் எக்ஸ்பிரஸ்கள், துறைமுகச் சரக்கை இழுத்துவரும் கூட்ஸ் வண்டிகள் எல்லாம் இங்கேதான் ஒன்றுசேர்கின்றன. கேட் போட்டதும் பைக்கை அணைத்துவிட்டு நிற்பவர்களுக்குத் தெரிவது கடந்துபோகும் பெட்டிகள் மட்டும்தான். எஞ்சினுக்குள் உட்கார்ந்திருக்கும் லோகோ பைலட்டை ஒரு கருவி ஓயாமல் விசாரித்துக்கொண்டிருப்பது வெளியே தெரியாது. விஜிலன்ஸ் கன்ட்ரோல் டிவைஸ் என்று அதற்குப் பெயர். வேகத்தைக் கூட்டுவது, குறைப்பது, பிரேக் போடுவது, ஹாரன் அடிப்பது என எந்த வேலையும் நடக்காமல் சுமார் 60 வினாடி கழிந்தால் ஒரு விளக்கு மின்னும். அடுத்த எட்டு வினாடிக்குள் அவர் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் பஸ்ஸரும் சேர்ந்து அலறும். இன்னொரு எட்டு வினாடி அப்படியே போனால், அவரைக் கேட்காமலே பிரேக் விழுந்து வண்டி நின்றுவிடும்.

இந்த விசாரணையை இப்போது கார்களும் தொடங்கிவிட்டன. 2021இல் வந்த மஹிந்திராவின் எக்ஸ்யூவி700, ஸ்ரீபெரும்புதூர் அருகே ஹூண்டாய் தயாரிக்கும் வெர்னா, கிரெட்டா ஆகியவற்றின் உயர்வகைகளில், ரோட்டில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டைக் கேமராவால் பார்த்து ஸ்டியரிங்கைத் தானே லேசாகத் திருப்பும் வசதி இருக்கிறது. முன்னால் போகும் வண்டியின் வேகத்துக்கு ஏற்பத் தன் வேகத்தையும் அதுவே மாற்றிக்கொள்ளும். ஆனால் ஓட்டுகிற பொறுப்பை அது ஏற்பதில்லை. கோடு அழிந்த இடத்திலோ, மழையிலோ, குறுக்கே மாடு வந்தாலோ அது தவறலாம். அந்த நொடியில் மனிதர் கைகொடுக்க வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். அதனால் ஸ்டியரிங்கை விட்டுச் சில வினாடி கழிந்ததும் ‘கையை வையுங்கள்’ என்று திரையில் எழுத்து வரும், பிறகு பீப் ஒலிக்கும். பயன்படுத்துகிறவர்கள் பலருக்கு இது நச்சரிப்பு. இந்த நினைவூட்டல் சரியானபடி அமைந்தால்தான் தானியங்கி ஸ்டியரிங்கை ரோட்டில் அனுமதிக்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். சரியானபடி என்றால் மூன்று நிபந்தனைகள்: அது கையை அல்ல, கவனத்தை அளக்க வேண்டும், பதில் வராவிட்டால் கத்திக்கொண்டிராமல் செயலில் இறங்க வேண்டும், களைத்துப்போனவரை வேலை வாங்குவதற்குச் சாக்காக அது ஆகிவிடக் கூடாது. இந்த மூன்றையும் ரயிலும் கப்பலும் ஏற்கெனவே பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கின்றன.

முதலில் மனித இயல்பைப் பார்க்கலாம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனின் ரேடார் திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரம் ஆக ஆக எதிரியின் தடயங்களைத் தவறவிட்டார்கள். காரணத்தை ஆராய்ந்த நார்மன் மேக்வொர்த், ஒரே முள் துள்ளித்துள்ளி நகரும் கடிகாரத்தை இரண்டு மணி நேரம் பார்க்கவைத்தார். முள் எப்போதாவது இரட்டைத் துள்ளல் துள்ளும். அதைக் கண்டு சொல்ல வேண்டும். முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே பிழைகள் கூடின என்று 1948இல் அவர் எழுதினார். சோம்பேறித்தனம் என்று இதைத் தள்ள முடியாது. வேலை இல்லாமல் விழித்திருப்பது மூளைக்கு ஒவ்வாத வேலை. லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற உளவியலாளர் 1983இல் இதன் அடுத்த படியைச் சுட்டிக்காட்டினார்: எளிய வேலைகளை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் மனிதருக்கு மிஞ்சுவது கண்காணிப்பும், திடீரென வரும் சிக்கலைத் தீர்ப்பதும்தான். பழக்கம் விட்டுப்போன கையிடம் போய்க் கடினமான பகுதியை ஒப்படைக்கிறோம். ஆகவே ‘கவனமாக இருங்கள்’ என்று கையேட்டில் அச்சடித்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது என்று கார் நிறுவனம் சொல்ல முடியாது. கவனம் சிதறும்படியான வேலையைக் கொடுத்தது அந்த இயந்திரம்தான்.

ரயில் இந்தப் பாடத்தை எப்படிக் கற்றது? மின்சார ரயிலில் பழைய ஏற்பாடு டெட்மேன் ஹேண்டில். மோட்டார்மேன் அந்தக் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். மயங்கி விழுந்து கை நழுவினால் மின்சாரம் துண்டிக்கப்பட்டு பிரேக் விழும். கேட்கக் குறையில்லாத ஏற்பாடு. ஆனால் 2003 ஜனவரி 31 அன்று ஆஸ்திரேலியாவின் வாட்டர்ஃபால் அருகே ஓட்டுநருக்கு மாரடைப்பு வந்தபோது, அவருடைய காலின் கனமே, கைப்பிடிக்கு மாற்றாக இருந்த டெட்மேன் மிதியை அழுத்திக்கொண்டிருந்தது. ரயில் நிற்கவில்லை, வேகமெடுத்து வளைவில் தடம்புரண்டது. அவரோடு சேர்த்து ஏழு பேர் இறந்தார்கள். லண்டனின் குராய்டனில் 2016 நவம்பரில் டிராம் கவிழ்ந்து ஏழு பேர் இறந்ததற்கு, ஓட்டுநர் கணநேரம் கண்ணயர்ந்தது காரணமாக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. கண்ணயர்ந்த பிறகும் கை பிடியிலேயே இருக்க முடியும். நம் நாட்டிலும் 2023 செப்டம்பரில் மதுராவில் காலியாக நின்ற மின்சார ரயில் பிளாட்பாரத்தின்மேல் ஏறியது. ஓட்டுநர் அறைக்குள் வந்த ஊழியர் கைப்பேசியைப் பார்த்தபடியே தன் பையை இயக்கப் பிடியின்மேல் வைத்தது கேமராவில் பதிவாகியிருந்ததாகச் செய்திகள் வந்தன. கைக்கும் பைக்கும் வித்தியாசம் தெரியாத கருவி என்னத்தைக் காவல் காக்கும்? அழுத்திக்கொண்டிருந்தால் போதும் என்ற ஏற்பாட்டிலிருந்து, அவ்வப்போது புதிதாகப் பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கு ரயில்கள் நகர்ந்ததன் நியாயம் இதுதான்.

கார்கள் பல, ரயில் கைவிட்ட அந்தப் பழைய படியில்தான் இன்னும் நிற்கின்றன. ஸ்டியரிங்கில் கையின் இழுப்பு சற்றே பட்டால் போதும், ஆள் கவனிக்கிறார் என்று அவை முடிவுகட்டுகின்றன. 2016 மே மாதம் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் டெஸ்லா கார் ஒன்று குறுக்கே திரும்பிய டிரெய்லர் லாரியின் அடியில் புகுந்தது, ஓட்டியவர் இறந்தார். அந்தப் பயணத்தில் ஆட்டோபைலட் என்ற தானியங்கி வசதி 37 நிமிடம் இயங்கியது, கை பட்டதாகக் கார் உணர்ந்தது மொத்தம் 25 வினாடி மட்டுமே என்று விசாரணை கண்டறிந்தது. கை வைத்தது போல் காட்ட ஸ்டியரிங்கில் மாட்டும் எடைக்கட்டியே கடைக்கு வந்தது; 2018இல் அதன் விற்பனையை நிறுத்தச் சொல்லி அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் உத்தரவிட்டது. 2023 டிசம்பரில் ஓட்டுநர் கவனத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு போதாது என்பதற்காகவே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட டெஸ்லா கார்கள் மென்பொருள் திருத்தத்துக்கு உள்ளாயின. அங்குள்ள காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு மையம் 2024இல் இத்தகைய 14 அமைப்புகளைச் சோதித்து, 11க்கு மோசம் என்று மதிப்பெண் போட்டது. சரியான வழி இல்லாமலில்லை. ஓட்டுநரின் முகத்தை நோக்கிய சிறு கேமரா, அகச்சிவப்பு ஒளியின் துணையோடு, இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது, பார்வை ரோட்டில் இருக்கிறதா மடியில் இருக்கிறதா என்பதை இரவிலும் கண்டுபிடிக்கும். குராய்டனிலும் விபத்துக்குப் பின் டிராம்களில் கண்ணைக் கவனிக்கும் கருவியைத்தான் பொருத்தினார்கள்.

இரண்டாவது நிபந்தனைக்கு எண்ணூர்க் கடலைப் பார்க்க வேண்டும். காமராஜர் துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்கள் நடுக்கடலில் பெரும்பாலும் தானியங்கிச் சுக்கானில்தான் வருகின்றன. தானியங்கி ஸ்டியரிங் என்பதற்கு கார்களைவிட மூத்த உதாரணம் இது. மேல்தளத்தில் இரவுக் காவலில் இருக்கும் அதிகாரி தூங்கிவிட்டால் என்ன செய்வது என்பதற்குப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2009இல் விதி வகுத்து, 2011 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. 3 முதல் 12 நிமிடத்துக்கு ஒருமுறை அவர் பொத்தானை அழுத்த வேண்டும். தவறினால் முதலில் விளக்கு. 15 வினாடியில் மேல்தளத்தில் மணி. மேலும் 15 வினாடியில் கேப்டன் அல்லது மாற்று அதிகாரியின் அறையில் மணி. அவர்களும் வராவிட்டால் மற்ற மாலுமிகள் இருக்கும் இடங்களில் மணி. தூங்கியவரை எழுப்புவதோடு நின்றுவிடாமல் அடுத்தவரை அழைக்கிறது என்பதே இதன் சிறப்பு. காரில் கேப்டன் இல்லை; அதனால் அந்த வேலையைக் காரே செய்ய வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் சூப்பர் குரூஸ் என்ற அமைப்பு கண்ணைக் கவனித்து, விளக்கு, ஒலி என்று ஏறுமுகமாக எச்சரித்து, பதிலே இல்லையென்றால் ஆபத்து விளக்குகளை எரியவிட்டு வேகத்தைக் குறைத்து நிறுத்துகிறது. உதவி மையத்துக்கும் அழைக்கிறது. எச்சரித்துப் பார்த்துவிட்டு, பதில் இல்லாதபோது ஸ்டியரிங்கை அப்படியே கைவிட்டுவிடும் காரைவிட இது எவ்வளவோ மேல்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ரயில் தண்டவாளத்தில் நின்றால் பின்னால் வருவதைச் சிக்னல் தடுக்கும். கன்டெய்னர் லாரிகள் ஒன்றையொன்று உரசிப்போகும் எண்ணூர் விரைவுச் சாலையில் நடு லேனில் நிற்கும் காருக்கு யார் காவல்? உண்மைதான். அதனால்தான் சட்டென்று நிற்கக் கூடாது. படிப்படியாக வேகம் தணிய வேண்டும், விளக்கு மின்ன வேண்டும், முடிந்தால் ஓரம்கட்ட வேண்டும். ஓட்டுபவர் விழிப்பில் இல்லை என்று தெரிந்தபிறகு அதே வேகத்தில் போவதுதான் இதைவிட ஆபத்து. அடுத்த மறுப்பு, சதா பீப் அடித்தால் மனிதர்கள் அந்த வசதியையே அணைத்துவிடுவார்கள் என்பது. நம் ஊரில் ஆட்டோவும் பைக்கும் இரண்டு பக்கமும் நுழையும்போது தேவையில்லாத எச்சரிக்கைகள் கூடும் என்பதும் சரி. ஆனால் இது கையை அளக்கும் முறைக்குத்தான் அதிகம் பொருந்தும். கண் ரோட்டில் இருப்பதைக் கேமரா பார்த்துவிட்டால் அது வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒழுங்காக ஓட்டுகிறவருக்கு நச்சரிப்பு குறையும். முகத்தைப் படமெடுப்பது அந்தரங்கத்தில் தலையிடுவது அல்லவா என்று கேட்பவர்களின் கவலையை ஒதுக்க முடியாது. கணிப்பை காருக்குள்ளேயே முடித்துவிட்டுப் படத்தைச் சேமிக்காமல், நிறுவனத்துக்கும் காப்பீட்டாருக்கும் அனுப்பாமல் இருக்க முடியும். ஐரோப்பாவின் விதிகள் இந்தத் திசையில்தான் போகின்றன: தூக்கக் கலக்கத்தை எச்சரிக்கும் கருவி 2024 ஜூலை முதல் அங்கே விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம், தகவல் காருக்கு வெளியே போகக் கூடாது என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது.

மூன்றாவது நிபந்தனையைத்தான் எளிதில் மறந்துவிடுவார்கள். 2010 ஏப்ரலில் நிலக்கரி ஏற்றிய ஷென் நெங் 1 என்ற கப்பல் ஆஸ்திரேலியாவின் பவளப்பாறையில் மோதியது. காவலில் இருந்த அதிகாரி அதற்கு முந்தைய 38 மணி நேரத்துக்கும் மேற்பட்ட காலத்தில் ஏறத்தாழ இரண்டரை மணி நேரமே தூங்கியிருந்தார். அவ்வளவு களைத்தவருக்கு மணி அடித்தால் கண் விழிக்கும், மூளை விழிக்காது. தெற்கு ரயில்வேயின் லோகோ பைலட்டுகள் 2024 ஜூனில் வார ஓய்வையும், தொடர்ச்சியான இரவுப்பணியைக் குறைப்பதையும் கேட்டுப் போராடியதன் சாரமும் இதுவே. எஞ்சினில் கருவி இருக்கிறதே என்பது அவர்களுடைய கோரிக்கைக்குப் பதிலாகாது. பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் தூக்கக் கலக்க எச்சரிக்கைக் கருவியைக் கட்டாயமாக்கும் வரைவு விதியை மத்திய அரசு 2025இல் வெளியிட்டிருக்கிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் துறைமுக கேட்டுக்கு வெளியே மணிக்கணக்கில் வரிசையில் காத்துக்கிடந்து, உள்ளே போய்ச் சரக்கு ஏற்றிக்கொண்டு, தூங்காமல் ஆந்திரத்துக்குக் கிளம்பும் டிரெய்லர் ஓட்டுநருக்குக் கருவி சொல்லப்போவது அவருக்கே தெரிந்த செய்தி. வண்டியை ஓரம்கட்டித் தூங்க இடமும், தாமதமானால் கூலி பிடிக்காத முதலாளியும் இருந்தால்தான் அந்த எச்சரிக்கைக்கு அவர் கீழ்ப்படிய முடியும்.

கார் வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் கேட்க வேண்டிய கேள்விகள் இதிலிருந்தே கிடைக்கும். இந்த வண்டி என் கையைப் பார்க்கிறதா, கண்ணைப் பார்க்கிறதா? நான் பதில் சொல்லாவிட்டால் என்ன செய்யும்? என் முகத்தின் தகவல் எங்கே போகும்? விடை சொல்லத் தெரியாத விற்பனையாளர் ‘தானாகவே ஓடும் சார்’ என்று விளம்பரம் செய்வதை நம்பக் கூடாது. கேமரா வைப்பது நம்மால் ஆகாத காரியமும் அல்ல. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகமான மஹிந்திராவின் மின்கார்களில் ஓட்டுநரைக் கவனிக்கும் கேமரா வந்துவிட்டது. ஆனால் விலை உயர்ந்த வகையை வாங்குபவருக்கு மட்டும் கிடைக்கும் சலுகையாக அது இருக்கக் கூடாது. ஸ்டியரிங்கைத் தானே திருப்பும் வசதியை விற்கிற எந்த காரிலும் ஓட்டுபவரின் கவனத்தை அளக்கும் கருவியும், பதில் இல்லாதபோது பத்திரமாக நிற்கும் ஏற்பாடும் சேர்ந்தே வர வேண்டும் என்று அரசு விதி செய்ய வேண்டும். இவை இரண்டும் இல்லாத காரில் அந்த வசதியை விற்க அனுமதிக்கவே கூடாது.