சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்



கல்கிசையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் ஒரு குடும்பம் வெளிநாடு போகிறது. வீட்டுச் சாமான்களை விற்கிறார்கள். பிரிட்ஜ் 35,000 ரூபாதான். "விட்டால் கிடைக்காது" என்று உங்கள் மனம் பரபரக்கிறது. கைப்பையைத் திறக்குமுன் சற்றுப் பொறுங்கள்.

2022ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. 200 ரூபாவை ஒட்டி நின்ற டொலர் சில வாரங்களில் 360 ரூபாவளவில் போய் நின்றது. புதுச் சாமான் எட்டாக்கனியானது. பாவித்த பொருளை வாங்குவதில் வெட்கமில்லை என்று அன்று பலரும் உணர்ந்தோம். ஆனால் விலை குறைந்ததெல்லாம் இலாபமல்ல.

அந்தப் பிரிட்ஜையே எடுத்துக்கொள்வோம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. விலை 35,000, லொறிக் கூலி 4,000, கதவு ரப்பர் மாற்றி காஸ் அடிக்க 12,000. பழைய இயந்திரம் மாதம் 30 அலகு மின்சாரம் கூடுதலாக இழுத்தால், அலகு 40 ரூபாப்படி இரண்டு வருடத்துக்கு 28,800. ஆக மொத்தம் 79,800 ரூபா! பக்கத்து வீட்டில் 55,000க்குச் சொன்ன நல்ல பிரிட்ஜ், லொறிக் கூலியோடு 59,000தான். எது மலிவு? நீங்களே சொல்லுங்கள். மின்சார அலகு கூடக்கூட ஒவ்வோர் அலகின் விலையும் ஏறும் என்பதையும் மறவாதீர்கள்.

வாங்குமுன் இவற்றைப் பாருங்கள்:

* கடலோர வீடுகளில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். பிரிட்ஜின் பின்புறத்தையும் அடிப்பாகத்தையும் டோர்ச் அடித்துப் பாருங்கள்.

* கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். இலகுவாக வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது.

* ஜப்பானில் பாவித்து வந்த சாமான் 100 வோல்ட்டுக்குரியது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். ட்ரான்ஸ்ஃபோமர் செலவையும் சேருங்கள்.

* காஸ் அடுப்பைப் பழையதாக வாங்கலாம். அதன் ரப்பர் குழாயைப் புதிதாகவே போடுங்கள்.

* பிரிட்ஜை நிமிர்த்தியே கொண்டுவாருங்கள். வந்ததும் சில மணி நேரம் கழித்தே சுவிட்சைப் போடுங்கள்.

தேக்கு, முதிரை அலுமாரிகள் இரண்டு தலைமுறைக்கும் உழைக்கும். அவற்றில் துணிந்து பணம் போடலாம். பழைய மெத்தையோ மூட்டைப்பூச்சியையும் கூட்டிவரும்.

இன்னுமொன்று. குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் ஆகாது. அதுபோலவே, விமானச் சீட்டு எடுத்துவிட்டுத் தவிப்பவரின் நெருக்கடியைப் பார்த்து அடிமாட்டு விலை கேட்பதும் அழகல்ல. இரு தரப்பும் மனம் பொருந்திய விலையில்தான் பரக்கத் இருக்கிறது.

கடைசியாக உங்களையே கேளுங்கள்: "இது இன்று இலவசமாகக் கிடைத்தாலும், வைக்க இடமும் தேவையும் என் வீட்டில் உண்டா?" இல்லை என்றால், வாங்காமல் வருவதே பெரிய இலாபம்.