சாவி கைமாறினால் போதாது

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் குடும்பங்களில் பழைய காருக்கு ஓய்வே கிடையாது. திங்களும் வெள்ளியும் மட்டும் நடை திறக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் பொங்கல் பானையோடு போக வேண்டும். புரட்டாசிச் சனிக்கிழமை கல்லங்குறிச்சிப் பெருமாளைச் சேவிக்க வேண்டும். பேத்திக்குக் காது குத்து, மகளுக்கு வளைகாப்பு, மருமகனுக்குத் தலை தீபாவளி என்று எல்லாவற்றுக்கும் அதே கார்தான். ஐந்து பேர் உட்காரும் வண்டியில் எட்டுப் பேர் ஏறுவார்கள். ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வீட்டு ஆள் மாதிரியே அதைக் கொண்டாடுவோம்.

அப்படிப்பட்ட காரை ஒருநாள் விட்டுப் பிரிய வேண்டியிருக்கிறது. விற்கிறோம், காயலான் கடைக்குப் போடுகிறோம், விபத்தில் இழக்கிறோம், திருட்டுக் கொடுக்கிறோம். போகும்போது மனசு கனக்கிறது, சரி. ஆனால் காகிதத்தில் அது போய்விட்டதா என்று பெரும்பாலும் நாம் பார்ப்பதில்லை. நிலத்தை விற்றால் பட்டா மாறியதா என்று வாங்கியவர் ஓடி ஓடிப் பார்க்கிறார். காரில் இது தலைகீழ்: பெயர் மாறியதா என்று விற்றவர்தான் ஓடிப் பார்க்க வேண்டும். காரணம், பின்னால் வரும் வம்பு அவர் பெயருக்குத்தான் வரும்.

15 வருஷம் ஆனால் ஓட்டக் கூடாதா?

புரோக்கர்கள் அடிக்கடி சொல்வது: “பதினஞ்சு வருஷம் ஆயிருச்சுண்ணே, இனிமே ஓட்ட முடியாது, வந்த விலைக்குத் தள்ளிடுங்க.” இது உண்மையில்லை. 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்கும் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கும் கட்டுப்பாடு வந்தது டெல்லியிலும் அதைச் சுற்றிய தலைநகர் வட்டாரத்திலும்தான். அரசு வாகனங்களின் பதிவை 15 ஆண்டுக்கு மேல் புதுப்பிப்பதில்லை என்ற விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அது தனியார் கார்களுக்கானது அல்ல. இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாகக் குழப்பித்தான் பழைய காரை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள்.

தமிழ்நாட்டில் சொந்தக் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் படிவம் 25-இல் விண்ணப்பித்து, வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டி, தகுதி இருந்தால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஊர்வழக்கில் ‘எப்.சி. காட்டுவது’ என்கிறோமே, அதுதான். பதிவு முடிவதற்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது. இதோடு பசுமை வரியும் உண்டு. தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடிக்கொண்டே போகும்.

கடைசி அம்பாசிடரும் கடைசி மாருதி 800-ம் தொழிற்சாலையை விட்டு வந்தது 2014-இல். ஆக, இன்று நம் தெருவில் நிற்கும் இந்தக் கார்களில் ஏராளமானவை 15 ஆண்டைத் தாண்டிவிட்டன. பதிவு காலாவதியான காரை ரோட்டில் ஓட்டுவது பதிவே இல்லாத வண்டியை ஓட்டுவதற்குச் சமம். முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம். அதைவிடப் பெரிய ஆபத்து காப்பீட்டில் இருக்கிறது. தற்காலிகப் பதிவு முடிந்த நிலையில் ஓட்டிச் செல்லப்பட்டுத் திருடுபோன ஒரு வண்டிக்கு இழப்பீடு தர வேண்டியதில்லை என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. செல்லும் பதிவு இல்லாமல் ஓட்டுவது பாலிசியின் அடிப்படை நிபந்தனையையே மீறுவது என்பது அதன் சாரம்.

விற்றவர் தலையில் விழுந்த விபத்து

இரு மாவட்டத்திலும் சர்வசாதாரணமாக நடக்கும் விற்பனை இப்படித்தான்: பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் எதையும் நிரப்பாமல் கையெழுத்துப் போட்டு, ஆர்.சி.யையும் சாவியையும் கொடுத்துவிடுவது. “பேரை நாங்க மாத்திக்கிறோம்” என்பார் வாங்கியவர். மாற்றாமலே அடுத்தவருக்கு விற்பார். அவர் இன்னொருவருக்கு.

இப்படி நான்கு கை மாறிய ஒரு காரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முதல் உரிமையாளர் 2007 ஜூலையிலேயே காரை விற்றுவிட்டார். 2009 மே 27 அன்று, பின்னோக்கி எடுக்கும்போது அந்தக் கார் மோதி ஒருவர் இறந்தார், இன்னொருவர் காயமடைந்தார். காருக்குக் காப்பீடும் இல்லை. இறப்புக்கு மட்டும் தீர்ப்பாயம் விதித்த இழப்பீடு 3,75,000 ரூபாய். யார் கட்டுவது? 2018 பிப்ரவரி 6 அன்று தீபக் மிஸ்ரா, ஏ.எம்.கான்வில்கர், டி.ஒய்.சந்திரசூட் ஆகியோர் அடங்கிய அமர்வு தெளிவாகச் சொன்னது: பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டப்படி உரிமையாளர், அவரே பொறுப்பு. அடிபட்ட குடும்பம், கார் எத்தனை கை மாறியது என்று தேடிக்கொண்டு ஒவ்வொருவர் வாசலாக ஏறி இறங்க முடியாது என்பதே நீதிமன்றத்தின் நியாயம்.

காரைக் கண்ணால் பார்த்தே இரண்டு வருஷம் ஆனாலும் பொறுப்பு முதல் ஆளுக்கே என்பதுதான் இந்தத் தீர்ப்பு சொல்வது. விபத்து மட்டுமல்ல, கடத்தலுக்குப் பயன்பட்டால் போலீஸ் முதலில் தட்டுவதும் அந்தக் கதவைத்தான்.

ஆகவே விற்கும்போது செய்ய வேண்டியவை:

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி, நேரம் எல்லாம் நிரப்பிய பிறகு போடுங்கள். டெலிவரி ரசீதில் எத்தனை மணிக்கு வண்டி கைமாறியது என்றும் எழுதி, அவருடைய ஆதார் நகலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆம் பிரிவுப்படி விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்ற விண்ணப்பத்தைப் பரிவாகன் இணையதளத்தில் நீங்களே உட்கார்ந்து போடுங்கள். சில வாரம் கழித்து வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்து, பெயர் மாறியதை உறுதி செய்யுங்கள். மாறவில்லை என்றால் வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதன் நகலோடு ஆர்.டி.ஓ.விலும் காவல் நிலையத்திலும் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டுக் கேட்டு வாங்குங்கள். இழப்பீடு உங்கள் தலையில் விழுந்தால், வாங்கியவர் மீது வழக்குப் போட்டு அதைத் திரும்பக் கேட்க இந்தத் தாள்களே துணை.

பழைய கார் வியாபாரியிடம் விடுவதாக இருந்தால், ஆர்.டி.ஓ. அங்கீகாரச் சான்று பெற்றவரா என்று கேளுங்கள். 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அப்படிப்பட்டவரிடம் ஒப்படைத்துப் படிவம் 29சி மூலம் தெரிவித்துவிட்டால், அதன்பின் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார்.

பெயர் மாறும்வரை காப்பீட்டை ரத்து செய்யாதீர்கள். மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு சேர்ந்து போகும் என்கிறது சட்டம்; இடைக்காலத்தில் உங்களைக் காப்பதும் அதுதான். அதேசமயம், பல வருஷம் க்ளைம் கேட்காமல் சேர்த்த ‘நோ க்ளைம் போனஸ்’ வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. நிறுவனத்திடம் அதற்கான கடிதம் வாங்கி வைத்தால், மூன்று ஆண்டுக்குள் எடுக்கும் புது வண்டியின் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை தள்ளுபடி பெறலாம்.

கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கை மூடச் சொல்லி வங்கிக்குத் தெரிவியுங்கள். இல்லையென்றால் திருமாந்துறை டோல்கேட்டை அந்தக் கார் தாண்டும்போதெல்லாம் காசு போவது உங்கள் கணக்கிலிருந்துதான்.

இணையத்தில் விளம்பரம் போட்டு விற்பவர்களுக்குத் தனி எச்சரிக்கை. “அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க” என்றால் அது மோசடி. பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், ரகசிய எண்ணும் வேண்டாம். ஏமாந்துவிட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

அப்பா பெயரில் நிற்கும் கார்

அப்பா காலமான பிறகும் ஆர்.சி.யில் அவர் பெயரே இருக்கட்டும் என்று பல பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். பாசம் புரிகிறது, விபத்து நடந்தால் சிக்கல். 30 நாளுக்குள் வாரிசு ஆர்.டி.ஓ.வுக்குத் தகவல் தர வேண்டும். தந்தால் மூன்று மாதம் வரை அந்தக் காரை ஓட்டலாம். அதற்குள் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் ஆகியவற்றோடு பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி.யில் உயிரோடிருக்கும்போதே வாரிசுதாரரை நியமித்துக்கொள்ளும் வசதி 2021 முதல் இருக்கிறது.

முகவரியையும் ஒருமுறை பாருங்கள். 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் பிரிந்தது. 2007 நவம்பர் 23-இல் அரியலூர் மீண்டும் தனி மாவட்டமானது. அரியலூர்க்காரர் வீட்டில் டிஎன் 61 மட்டுமல்ல, 46-ம் 45-ம் நிற்பது இதனால்தான். நம்பரை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் வீடு மாறியிருந்தால் 30 நாளுக்குள் முகவரியை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கோர்ட் நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போகும்; உங்களுக்குத் தெரியாமலே வழக்கு முடிந்துவிடும்.

காயலான் கடைக்குப் போடும் முன்

எடைக்குப் போட்ட கார் முழுதாக அழிந்ததா என்று யாருக்கும் தெரியாது. அதன் நம்பர் பிளேட்டும் சேஸிஸ் எண்ணும் திருட்டு வண்டிக்கு ஏறினால், ஆவணத்தில் இருப்பது உங்கள் பெயர். 2021 செப்டம்பரில் வந்த மத்திய விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு நிலையத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். அங்கே ‘ஒப்படைப்புச் சான்று’ தருவார்கள். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் இல்லை. சொந்த உபயோக வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரவும் மத்திய மோட்டார் வாகன விதிகள் இடம் தருகின்றன. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை ஆர்.டி.ஓ.வில் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். கடன் முடிந்தும் ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் நீங்காமல் இருந்தால், முதலில் படிவம் 35 மூலம் அதை நீக்குங்கள்.

ஓடவே முடியாமல் போன காரின் பதிவை 55-ஆம் பிரிவின்படி ரத்து செய்ய, 14 நாளுக்குள் உரிமையாளர் தெரிவிக்க வேண்டும். இது விபத்தில் நொறுங்கிய காருக்கும் பொருந்தும்.

விபத்திலும் திருட்டிலும் போனால்

முதலில் பாலிசியை எடுத்துப் படியுங்கள். பழைய காருக்குப் பலரும் மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே போடுகிறார்கள். அதில் உங்கள் காருக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தால் பாலிசியில் ‘ஐ.டி.வி.’ என்று ஒரு தொகை இருக்கும். கார் திருடுபோனாலோ முழுதாக அழிந்தாலோ அதுதான் உச்சவரம்பு. ஐந்து ஆண்டு வரை அதைக் கணக்கிட அட்டவணை உண்டு. அதற்கு மேற்பட்ட காருக்கு நிறுவனமும் நீங்களும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகைதான். பிரீமியம் நூறு இருநூறு குறையட்டும் என்று அதைக் குறைத்துப் போட்டால் நஷ்டம் உங்களுக்கே. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கொள்ளப்படும். தொகை குறைவாக இருக்கும் பழைய காரில், நடுத்தர மோதலே இந்த எல்லையைத் தொட்டுவிடும்.

திருட்டு என்றால் அன்றே போலீசில் புகார் கொடுத்து எப்.ஐ.ஆர். வாங்குங்கள், கையோடு காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லுங்கள். போலீசில் உடனே புகார் தந்திருந்தால், நிறுவனத்துக்குச் சொல்லத் தாமதமானது என்பதை மட்டும் காரணம் காட்டி க்ளைமை மறுக்க முடியாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. எப்.ஐ.ஆர். போட மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் புகார் அனுப்பலாம்.

சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் ஓயாமல் ஓடும் மாவட்டம் அரியலூர். ஓரமாக நிறுத்திய உங்கள் காரை லாரி இடித்து நொறுக்கினால், உங்களிடம் முழுக் காப்பீடு இல்லை என்பதற்காக மனம் தளர வேண்டியதில்லை. பொருள் சேதத்துக்கும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் லாரி உரிமையாளர், அதன் காப்பீட்டு நிறுவனம் இருவர் மீதும் மனுப் போடலாம். கெடு ஆறு மாதம். உயிருக்கும் காயத்துக்கும் மட்டுமே இழப்பீடு என்று நினைத்து இந்த உரிமையை விடுபவர்கள் நிறைய.

எங்கே முறையிடுவது?

க்ளைமைக் குறைத்தாலோ மறுத்தாலோ, காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலையும் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி ஒரு மாதமாகியும் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி தரவில்லை என்றாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனுக்கு ஓராண்டுக்குள் புகார் அனுப்பலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களைக் கட்டணமின்றி விசாரிப்பார். வக்கீல் தேவையில்லை.

அல்லது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். கெடு இரண்டு ஆண்டு. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்; நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் சரி. ஒரு நீதிமன்றத்திலோ ஆணையத்திலோ வழக்கு நடக்கும்போது அதே புகாரை ஆம்புட்ஸ்மேன் எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதால், எந்த வழி என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சட்ட ஆலோசனைக்கு 15100-ஐ அழைத்தால் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழிகாட்டும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு வழக்கறிஞரையும் இலவசமாகத் தரும்.

முன்பு எப்போதோ விற்ற கார் ஏதாவது இருந்தால், அதன் எண்ணைப் பரிவாகன் தளத்தில் போட்டுப் பாருங்கள். உரிமையாளர் இடத்தில் இன்னும் உங்கள் பெயர் தெரிந்தால், அந்தக் கார் உங்களை விட்டுப் போகவில்லை. பழைய ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு நாளையே ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள்.