தென்னாப்பிரிக்கா காணச் செல்வோர்க்கு



விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் மங்கலம்பேட்டை என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் பயிலும் மாணவர் ஒருவர் உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் விரலை ஊன்றி, "இங்கே சென்று சிங்கத்தையும் காண்டாமிருகத்தையும் காண வேண்டும், அங்குள்ள மக்களின் வாழ்க்கையையும் அறிய வேண்டும், அதற்கு எவ்வாறு திட்டமிடுவது?" என்று வினவுவதாகக் கொள்வோம். எவ்வளவு பணம் வேண்டும் என்பதிலிருந்து தொடங்குவோர் பலர். நாம் அதற்கு முந்திய வினாவிலிருந்து தொடங்குவோம். எதற்காகச் செல்கிறோம்? இதற்கு விடை கண்டுவிட்டால், எப்போது செல்வது, எங்கெங்குத் தங்குவது, எத்தனை நாள் செலவிடுவது என்பனவெல்லாம் ஒவ்வொன்றாக ஒழுங்குபட்டுவிடும்.

வனவிலங்குகளைக் காணச் செல்வதை இன்று 'சஃபாரி' என்கிறோம். சுவாகிலி மொழியில் அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். முற்காலத்தில் ஐரோப்பியர் துப்பாக்கியுடன் வேட்டைக்குச் சென்றதை அது குறித்தது. இன்று துப்பாக்கி போய்க் கண்ணாடியும் புகைப்படக் கருவியும் வந்துவிட்டன. எனினும், விலங்கைக் கண்டவுடன் காரியம் முடிந்தது என்று எண்ணினால், அதுவும் ஒரு வகை வேட்டையே ஆகும். காட்டையும் அதன் அருகே வாழும் மக்களையும் ஒருசேர அறிந்து வருவதே கற்றவர்க்குரிய பயணம்.

முதலில் பருவத்தைக் கவனியுங்கள். பூமியின் தென்பாதியில் உள்ள நாடாகையால், நமக்குக் கோடையாக இருக்கும் ஜூன் மாதம் அங்கே குளிர்காலம். வடகிழக்கில் உள்ள காடுகளில் ஏறத்தாழ அக்டோபர் முதல் மார்ச் வரை மழை பெய்யும். அப்போது புல் உயர்ந்து, புதர் அடர்ந்து, நீர் எங்கும் கிடைப்பதால் விலங்குகள் சிதறிவிடும். மே முதல் செப்டம்பர் வரை வறட்சி. புல் காய்ந்து, குட்டைகள் வற்றி, எஞ்சிய நீர்நிலைகளுக்கு விலங்குகள் தாமே வந்து சேரும். ஆகவே விலங்குகளைக் காண விரும்புவோர்க்கு வறண்ட காலமே ஏற்றது.

அவ்வாறு காண்பதற்குரிய இடங்களுள் முதன்மையானது குரூகர் தேசியப் பூங்கா. 1898இல் சிறிய காப்பகமாகத் தொடங்கி, 1926இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர். அதாவது நம் கடலூர் மாவட்டத்தைப் போல ஐந்து மடங்கிற்கும் மேல். இவ்வளவு பெரிய காட்டை ஒரு நாளில் பார்த்துவிடலாம் என்று எண்ணுவது பேதைமை. நான்கு நாளேனும் ஒதுக்க வேண்டும். வாகனத்தைவிட்டு இறங்கக்கூடாது, விலங்குக்கு உணவளிக்கக்கூடாது, இருட்டுவதற்கு முன் வாயில்கள் மூடப்படும். இவை அங்குள்ள கட்டளைகள். கொசுவால் மலேரியா பரவும் பகுதியாகையால், புறப்படும் முன்னரே மருத்துவரைக் கண்டு தடுப்பு மருந்து பற்றிக் கேட்டறிவது கடமை.

தெற்கே சூலு மக்கள் வாழும் குவாசூலு-நட்டால் மாநிலத்தில் இலுலுவே-இம்ஃபொலோசி என்னும் காப்பகம் இருக்கிறது. 1895இல் ஏற்பட்டது. தென்பகுதிக்குரிய வெள்ளைக் காண்டாமிருக இனம் வேட்டையால் அழிந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இக்காட்டில் மட்டுமே மிகச் சிலவாக எஞ்சியிருந்தது. அச்சிலவற்றைக் காத்துப் பெருக்கி, 1960களில் பிற காடுகளுக்கும் கொண்டுசென்று விட்டனர். இவ்வரலாற்றை அறியாதவனுக்கு அவ்விலங்கு கொம்புள்ள ஒரு பெரிய உடல் மட்டுமே. அறிந்தவனுக்கோ, மனிதன் தன் பிழையைத் திருத்திக்கொள்ள வல்லவன் என்பதற்கு உயிருள்ள சான்று.

இவற்றையெல்லாம் காணுமுன் நம் ஊரிலேயே ஒரு பயிற்சி செய்யலாம். சிதம்பரத்திற்கு அருகே பிச்சாவரம் அலையாத்திக் காடு இருக்கிறது. வைகறையில் படகில் சென்று, பேசாமல் அமர்ந்து, இரண்டு மணி நேரம் பறவைகளைக் கவனித்துக் குறிப்பெழுதுங்கள். பொறுமை எத்தகைய செல்வம் என்பது அப்போது விளங்கும். அங்கு நீங்கள் காணும் வெண்கண்டல் மரம், தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் செயின்ட் லூசியா கழிமுகத்திலும் வளர்கிறது. பிச்சாவரத்தை நன்கு கண்டவன் அங்கே அயலானாக இருக்கமாட்டான். ஆனால் அங்கே நீருக்குள் நீர்யானையும் முதலையும் உண்டு என்பதை மட்டும் மறந்துவிடலாகாது!

மரத்தால் மட்டுமன்று, மனிதராலும் அந்நாடு நமக்கு நெருங்கியது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்துகொண்ட தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தாரும் அதில் இருந்தனர். முதலாண்டில் மாதக் கூலி பத்து ஷில்லிங். 1911 வரை ஏறத்தாழ 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து இவ்வாறு நட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். தென்னார்க்காட்டு மாவட்டத்தாரும் அவர்களுள் உண்டு. ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், உடலில் உள்ள தழும்பு ஆகியவற்றைக் கப்பல் பட்டியலில் எழுதி வைத்தனர். இன்று அந்நாட்டிலிருந்து தம் முன்னோரின் ஊரைத் தேடி வருவோர்க்கு அப்பட்டியலே வழிகாட்டி.

நாம் திட்டமிட்டுச் செல்கிறோம். திரும்பி வரும் நாளையும் குறித்துக்கொள்கிறோம். அவர்களோ திரும்புவோமா என்று அறியாமல் சென்றவர்கள். சென்றவர்கள் எதை உடன்கொண்டு சென்றனர்? டர்பனில் கேட்டோ மேனர் பகுதியில் உள்ள கோயில் விடை கூறும். அதன் பெயர் அம்பலவாணர் ஆலயம். தில்லையம்பலத்தில் ஆடும் பெருமானின் திருப்பெயரைக் கடல் கடந்து கொண்டுசென்று அங்கே நிலைநாட்டினர். உம்பிலோ ஆற்றங்கரையில் 1875இல் எழுந்த கோயிலை 1905ஆம் ஆண்டு வெள்ளம் அழித்தது. மீண்டும் கட்டினர், இப்போதைய கட்டடம் 1947இல் அமைந்தது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரிக்கும் சட்டம் 1950இல் வந்தபின், அப்பகுதியில் வாழ்ந்த இந்தியரும் ஆப்பிரிக்கரும் வெவ்வேறு இடங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். குடிகள் போயினர், கோயில் நின்றது. ஆண்டுதோறும் ஈஸ்டர் விடுமுறைக் காலத்தில் மக்கள் அங்கே திரண்டு தீ மிதிக்கின்றனர்.

டர்பனிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரம். 1893 ஜூன் 7ஆம் நாள் இரவு, முதல் வகுப்புப் பயணச்சீட்டு வைத்திருந்த காந்தியடிகளை இந்நகர இரயில் நிலையத்தில்தான் வண்டியிலிருந்து இறக்கிவிட்டனர். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்மீது விதித்த மூன்று பவுன் வரியை எதிர்த்தும், இந்தியத் திருமணங்கள் செல்லாவெனக் கூறிய தீர்ப்பை எதிர்த்தும் 1913இல் நிகழ்ந்த சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டு, இந்நகரச் சிறையில் நோயுற்றவர் வள்ளியம்மை. 1914 பிப்ரவரி 22இல் பதினாறு வயதில் உயிர் நீத்தார். அவ்வாண்டிலேயே அவ்வரி நீங்கியது. அவருடைய கல்லறை ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறது. அவர் பிறந்ததும் மறைந்ததும் அந்நாட்டிலேயே. எனினும் தரங்கம்பாடிக்கு அருகே உள்ள பெற்றோரின் ஊரால் தில்லையாடி வள்ளியம்மை என்றே அவரை அழைக்கிறோம். தென்னாப்பிரிக்கா செல்லுமுன் ஒருமுறை தில்லையாடிக்குச் சென்று வருதல் நன்று.

இனி நாள் குறிப்போம். தீமிதி காண விரும்பினால் மார்ச் அல்லது ஏப்ரல். ஆனால் அப்போது புல் உயர்ந்திருக்கும், விலங்குகள் எளிதில் புலப்படா. செப்டம்பரில் காடு வறண்டிருக்கும். சூலு கன்னியர் நாணல் ஏந்தி அரசரிடம் செல்லும் உம்லங்கா விழாவும் அம்மாதத்தில் நிகழும். 24ஆம் நாள் நாட்டின் மரபுரிமை நாள். இரண்டையும் எண்ணிப் பார்த்தால் மாணவர்க்குச் செப்டம்பரே பொருந்தும். ஜோகன்னஸ்பர்க்கில் இரண்டு நாள், குரூகரில் நான்கு, சூலுநாட்டுக் காடுகளில் மூன்று, டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் மூன்று, வழிச்செலவிற்கு இரண்டு. ஆகப் பதினான்கு நாள். நுழைவு அனுமதி விதிகள் அவ்வப்போது மாறுமாகையால் தூதரகத்தில் கேட்டறிக. கென்யா போன்ற நாடுகளில் தங்கிச் செல்வோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழும் கொள்ளவேண்டும்.

இறுதியாக ஒன்று. அங்குள்ள தமிழ் வழியினருள் பலர் இன்று வீட்டில் ஆங்கிலமே பேசுகின்றனர். "தமிழ் தெரியாதா?" என்று அவர்களைக் கேட்டு நாணச் செய்யாதீர்கள். நான்கைந்து தலைமுறை கடந்தும் அம்பலவாணர் பெயர் அங்கே வழங்குகிறதே, அதை எண்ணுங்கள். சூலு மக்களின் விழாவைக் காணும்போதும், படம் எடுக்குமுன் இசைவு பெறுங்கள். விலங்கிடம் பொறுமையும் மனிதரிடம் மரியாதையும் உடையவனுக்கு எந்நாடும் தன் கதவைத் திறக்கும். மங்கலம்பேட்டை மாணவர் தம் பையில் முதலில் வைக்க வேண்டியவை அவ்விரண்டுமே.