பரம்பரைப் பெட்டியில் பிறர் கதை

1756-ம் ஆண்டு ஜூன் 30. அமெரிக்காவின் தென் கரோலினாவில் நெல் பண்ணைகள் வைத்திருந்த இரண்டாம் எலையாஸ் பால், ஆறு குழந்தைகளை விலைக்கு வாங்கினார். நான்கு பையன்கள், இரண்டு பெண்கள். சாஞ்சோ, பீட்டர், புரூட்டஸ், ஹாரி, பெலிண்டா, பிரிசில்லா என்று கணக்கேட்டில் பதிந்துகொண்டார். வயதெல்லாம் ஆளைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டது. ஒருவருக்கும் பத்தைத் தாண்டவில்லை. தாய் தகப்பன் யார், எந்த ஊர், வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதற்கெல்லாம் அந்த ஏட்டில் இடமில்லை. மாடு வாங்குகிறவர்கூடச் சுழி பார்த்து, எந்தச் சந்தையில் பிடித்தது என்று நினைவில் வைத்துக்கொள்வார்.

சுமார் 240 ஆண்டுகள் கழித்து, அதே குடும்பத்தில் பிறந்த ஒருவர் இந்தப் பதிவைத் தேடிப் படித்தார். எட்வர்ட் பால். நியூயார்க்கில் பத்திரிகையாளராக இருந்தவர். அவர் எழுதிய 'ஸ்லேவ்ஸ் இன் தி ஃபேமிலி' 1998-ல் வெளிவந்து, அந்த ஆண்டின் அமெரிக்க தேசியப் புத்தக விருதைப் பெற்றது. முன்னோர் பெருமை பேசும் குடும்ப வரலாறுகள் எல்லா நாட்டிலும் குவிந்து கிடக்கின்றன. முன்னோர் செய்த கொடுமையை, அவர்களுடைய சொந்தக் கையெழுத்தை வைத்தே ஒரு பேரன் நிரூபித்தது அபூர்வம்.

வீட்டில் பேசாத பேச்சு

எட்வர்டின் அப்பா கிறிஸ்தவ மதகுரு. மகனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது இறந்துபோனார். அதற்குச் சில காலம் முன்பு, 1909-ல் உறவுக்காரப் பெண்மணி ஒருவர் எழுதிய குடும்ப வரலாற்று நூலை மகனிடம் கொடுத்திருந்தார். நம் குடும்பத்தில் சில விஷயங்களைப் பற்றிப் பேசுவதில்லை என்று அவர் வேடிக்கையாக ஒரு பட்டியல் சொல்வாராம். பணம், மரணம் என்று போகும் அந்தப் பட்டியலில் கறுப்பின மக்களும் உண்டு.

பேசாமல் விட்டது சின்ன சங்கதி அல்ல. 1698-ல் இங்கிலாந்தின் டெவன் பகுதியிலிருந்து முதல் எலையாஸ் பால் கப்பலேறி வந்தார். உறவுமுறையில் கிடைத்த 'காமிங்டீ' பண்ணையும் அதில் வேலை செய்த அடிமைகளும் அவருக்குச் சொத்தாயின. அன்று தொடங்கி, உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகள் விடுதலை பெற்ற 1865 வரை 167 ஆண்டுகள். அதற்குள் கூப்பர் ஆற்றங்கரையில் இருபதுக்கும் மேற்பட்ட பண்ணைகள். எட்வர்டின் கணக்குப்படி, அந்தப் பண்ணைகளில் பிறந்தோ வாங்கப்பட்டோ அடிமையாக வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய 4,000 பேர். அவர்களின் வழிவந்தவர்கள் இன்று 75,000 முதல் ஒரு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்.

'நம்மவர்கள் நல்ல முதலாளிகள். அடிக்கவில்லை, குடும்பத்தைப் பிரித்து விற்கவில்லை, அடிமைப் பெண்களைத் தொட்டதில்லை' என்று உறவினர்கள் வழிவழியாகச் சொல்லிவந்தார்கள். அதைச் சோதித்துப் பார்க்க எட்வர்டிடம் ஒரு வசதி இருந்தது. பால் குடும்பத்தார் எதையும் கிழித்துப் போடாதவர்கள். கடிதம், உயில், விற்பனைச் சீட்டு, மருத்துவர் பில், போர்வை கொடுத்த கணக்கு என்று பத்தாயிரம் பக்கங்களுக்கு மேல் சேர்த்துவைத்து, பின்னாளில் பல நூலகங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். முன்னோரின் புகழுக்குச் சாட்சி என்று நினைத்துத்தான் கொடுத்தார்கள். படிக்கப் படிக்க அது எதிர்த்தரப்புச் சாட்சியானது.

போர்வைக் கணக்கு சொல்லும் வம்சாவளி

அந்தக் காகிதங்களை எப்படிப் படிப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அடிமைகளின் வரலாற்றை எழுத வேண்டும் என்று எந்த முதலாளியும் பேனாவை எடுக்கவில்லை. துணி எத்தனை கெஜம் போயிற்று, செருப்பு எத்தனை ஜோடி வாங்கியது என்று செலவுக் கணக்கு எழுதினார்கள். துணி கொடுக்கும்போது குடும்பம் குடும்பமாக நிற்க வைத்துக் கொடுத்ததால், பட்டியலில் தாயின் பெயருக்குக் கீழே பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. அடுத்தடுத்த ஆண்டுப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், யார் பிறந்தார், யார் காணாமல் போனார், யார் எந்தப் பண்ணைக்கு மாற்றப்பட்டார் என்பது தெரிந்துவிடும்.

தகப்பன் பெயர் பெரும்பாலும் இருக்காது. அதற்குச் சட்டமே காரணம். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பது அந்தக் காலத்துச் சட்டம். தகப்பன் யாராக இருந்தாலும் கவலையில்லை. ஒரு குழந்தை பிறந்தால் முதலாளிக்குச் சொத்தில் ஒரு தலை கூடியது. அந்த வரவு விடுபடக் கூடாது என்பதற்காகத் தாயின் பெயரையும் பிறந்த நாளையும் கவனமாக எழுதினார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத மக்களுக்கு, அவர்களைச் சொத்தாக எண்ணிய கணக்கே பிறப்புச் சான்றிதழாக மிஞ்சியது.

செலவுக் கணக்கு சில நேரம் எழுதியவரையே காட்டிக்கொடுக்கும். முதல் எலையாஸ் வீட்டில் டோலி என்ற அடிமைப் பெண் இருந்தார். வயலில் உழைத்தவர்களுக்கு இல்லாத தனிச் செலவுகள், செருப்பு, மருத்துவம் என்று அவர் பெயரில் ஏறுகின்றன. அவருடைய பிள்ளைகளில் இருவருக்கு எட்வர்ட், கேத்தரின் என்று ஆங்கிலப் பெயர்கள். பின்னர் அவர்களுக்கு விடுதலையும் கிடைக்கிறது. அந்தப் பிள்ளைகளின் தகப்பன் எலையாஸ்தான் என்று எட்வர்ட் பால் ஊகிக்கிறார். எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆனால் கணக்கில் விழும் இந்தத் தனிக் கவனிப்புக்கு வேறு காரணம் சொல்வது கடினம். 'தொட்டதில்லை' என்ற குடும்பப் பேச்சு அத்தோடு ஆட்டம் கண்டது.

நெல் தெரிந்த கைகள்

அந்த ஆறு குழந்தைகளில் ஒருத்தியான பிரிசில்லாவின் கதைக்கு வருவோம். அவளை ஏற்றிவந்த கப்பலின் பெயர் 'ஹேர்'. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலிருந்து 1756-ல் கிளம்பிய கப்பல். அந்தப் பகுதியிலிருந்து ஆட்களைப் பிடித்துவந்ததற்குக் காரணம் உண்டு. அங்கே தலைமுறை தலைமுறையாக நெல் விளைவித்தவர்கள் இருந்தார்கள். தென் கரோலினாவின் சதுப்பு நிலத்தில் கரை கட்டி, மதகு வைத்து, ஆற்றின் ஏற்ற வற்றத்துக்கு ஏற்ப நீரைப் பாய்ச்சி வடிக்கும் வேலைக்கு அந்தக் கைகள் தேவைப்பட்டன. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் கால் ஏக்கர் என்று வேலையை அளந்து விடுவது அங்கே வழக்கம். மலேரியா மண்டும் அந்தச் சேற்றில் ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள். கப்பல்களும் வந்துகொண்டே இருந்தன.

குழந்தைகளை விற்ற சார்ல்ஸ்டன் வணிகர் ஹென்றி லாரன்ஸ், பால் வீட்டு மருமகன். முதல் எலையாஸின் மகள் எலியனாரை 1750-ல் மணந்தவர். பின்னாளில் அமெரிக்கப் புரட்சிக் காலத்தில், 1777-78-ல், அமெரிக்கக் காங்கிரஸின் தலைவராக இருந்தார். சியரா லியோனில் அடிமைகளை அடைத்துவைத்த பன்ஸ் தீவுக் கோட்டைக்கு லண்டன் முதலாளிகளில் ஒருவர் ரிச்சர்ட் ஆஸ்வால்ட். 1782-ல் பாரிஸில் சமாதான ஒப்பந்தம் பேசியபோது பிரிட்டன் தரப்பில் ஆஸ்வால்ட் உட்கார்ந்தார், அமெரிக்கத் தரப்பில் வந்தவர்களில் லாரன்ஸும் ஒருவர். ஆள் விற்ற பழைய கூட்டாளிகள் இருவர் ஒரு நாட்டின் சுதந்திரப் பேச்சில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒரு குடும்பத்தின் கணக்கேட்டைப் பிடித்துக்கொண்டு போனால் நாட்டின் சரித்திரத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பிரிசில்லா 1811-ல் இறந்தாள். அவளுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயர்களும் அதே குடும்பத்துப் பட்டியல்களில் தொடர்ந்து வருகின்றன. அந்த இழையைப் பிடித்து எட்வர்ட் பால், சார்ல்ஸ்டனில் வாழும் அவளது சந்ததியாரின் வீட்டுக் கதவைத் தட்டினார். கப்பலின் ஆவணங்கள் நியூயார்க் வரலாற்றுச் சங்கத்தில் இருந்தன. மானுடவியலாளர் ஜோசப் ஒபாலா அந்தக் காகிதங்களைப் பண்ணைக் கணக்கோடு பொருத்தினார். ஒரு ஆப்பிரிக்க அமெரிக்கக் குடும்பம், தங்களுடைய மூதாய் எந்தக் கரையில், எந்தக் கப்பலில் ஏற்றப்பட்டாள் என்பதை எழுத்து ஆதாரத்தோடு அறிய முடிந்தது. 2005 மே மாதம், சியரா லியோன் அழைப்பின் பேரில், பிரிசில்லாவின் ஏழாம் தலைமுறைப் பெண் ஒருவர் அங்கே போய் இறங்கினார்.

இது எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு தகவல் போதும். அமெரிக்காவில் 1850, 1860 குடிக்கணக்கில் அடிமைகள் முதலாளியின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று மட்டும்தான் பதிவானார்கள். விடுதலைக்குப் பிந்திய 1870 கணக்கில்தான் அவர்கள் எல்லோருக்கும் பெயர் வந்தது. வேர் தேடும் கறுப்பினக் குடும்பங்கள் பெரும்பாலும் 1870-ல் வந்து முட்டி நிற்கும். அதைத் தாண்டிப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் வழி ஒன்றுதான்: முதலாளி வீட்டுக் காகிதம்.

பங்கு யாருக்கு?

இங்கேதான் எட்வர்ட் பாலின் முயற்சி வெறும் குற்ற உணர்வைத் தாண்டுகிறது. அவர் செய்ததை உறவினர்கள் சிலர் ஏற்கவில்லை. செத்தவர்களை ஏன் சந்திக்கு இழுக்கிறாய் என்று சடைத்துக்கொண்டார்கள். அடிமைகளின் வழிவந்தவர்களில் சிலர் வரவேற்றார்கள், சிலருக்குக் கோபம். சிலரிடம் அவர் நேரில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு அவருக்கு ஆறுதலாக இருக்கலாம். எதிரே இருந்தவர்களுக்குப் பயன்பட்டது அவர் கொண்டுபோன பட்டியல்: உங்கள் பாட்டியின் பாட்டி பெயர் இது, இன்ன பண்ணையில் இன்ன ஆண்டில் பிறந்தார். பரம்பரைக் காகிதம் எழுதியவரின் வாரிசுக்கு மட்டும் சொந்தம் என்று நாம் நினைக்கிறோம். அதில் எழுதப்பட்டவர்களின் வாரிசுக்கும் பங்கு உண்டு. பெரும்பாலும் பெரிய பங்கு அவர்களுடையது.

அப்பா வழிக் காகிதங்களோடு அவருக்கு விஷயம் முடியவில்லை. அம்மா இறந்தபின், நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த அம்மா வழி உறவுப் பாட்டி திரட்டிவைத்த கோப்புகள் கைக்கு வந்தன. அவற்றின் நடுவே இருந்தவர் கான்ஸ்டன்ட் லெகோர்ன் என்ற தச்சர். உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பினத்தவருக்குக் கிடைத்த உரிமைகளை எதிர்த்து வன்முறையில் இறங்கிய வெள்ளையர் கும்பல்களைச் சேர்ந்தவர். அவரைப் பற்றிய 'லைஃப் ஆஃப் எ கிளான்ஸ்மேன்' 2020-ல் வந்தது.

நம் வீட்டு ஓலைகள்

அமெரிக்காவில் நடந்ததுதானே என்று நாம் விட்டுவிட முடியாது. பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை பேரனின் கல்யாணப் பந்தலுக்கு வந்து நின்ற கதை பெரியபுராணத்திலேயே இருக்கிறது. பேரன் சுந்தரர் அந்த அடிமை ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். கிழிந்தது படி, மூலம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார் அதைக் கொண்டுவந்த கிழவர். திருவெண்ணெய்நல்லூர் அவையில் பாட்டனாரின் வேறொரு கையெழுத்தை வரவழைத்து ஒத்துப்பார்த்துத் தீர்ப்பு சொல்கிறார்கள். பக்தர்களுக்கு அது இறைவனின் திருவிளையாடல். ஆனால் அந்த அவையைக் கவனியுங்கள். அந்தணர் அந்தணருக்கு அடிமையாவது வழக்கமா என்ற கேள்வி எழுகிறது. பாட்டன் கையெழுத்து பேரனைக் கட்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பஞ்சத்தில் கோயிலுக்குத் தங்களையே விற்றுக்கொண்டவர்களைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. நிலத்தோடு சேர்த்து ஆட்களையும் கைமாற்றிய ஓலைகள் பின்னாளிலும் எழுதப்பட்டன. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் 'தமிழகத்தில் அடிமை முறை' நூலில் இவற்றை விரிவாக எழுதியிருக்கிறார். பிரிட்டன் 1833-ல் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டபோது, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் விலக்கு அளித்தது. இந்தியாவில் 1843 வரை அடிமை உரிமையை நீதிமன்றம் ஏற்றது. திருவிதாங்கூரில் 1855-ல்தான் ஒழிப்பு. ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று ஆனது இந்திய தண்டனைச் சட்டம் 1862-ல் நடைமுறைக்கு வந்த பிறகு.

அப்படியானால் அந்தக் காகிதங்களும் ஓலைகளும் எங்கே? பல, ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயின. சில, போகி நெருப்பில். மிச்சம் இருப்பவை பரணில், மரப்பெட்டியில், பட்டாப் புத்தகத்துக்கு அடியில். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிந்துவரும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழகத்தில் வீடுகளில் கிடந்த நிலம், ஊர் வழக்கு சார்ந்த ஆவணங்களைத் தேடி மின்படிகளாக்கியிருக்கிறது. மூலம் வீட்டிலேயே இருக்கும், படி எல்லோருக்கும் கிடைக்கும்.

பண்ணைக் குடும்பங்களில் பழைய கூலிக் கணக்கு, நெல் அளந்த ஏடு, அடமானச் சீட்டு கிடைத்தால், நமக்கு எதற்கு வம்பு என்று கொளுத்துகிறவர்கள் ஒரு எளிய விஷயத்தை யோசிக்கலாம். கொளுத்துவதால் தாத்தாவின் பெயர் போய்விடாது. அவருக்குப் பட்டாவும் கோயில் கல்வெட்டும் தெருப் பெயரும் இருக்கின்றன. அவருக்கு உழைத்த ஆளின் பெயர் வேறு எங்கும் இல்லை. மானம் போய்விடுமே என்ற பயம் இருந்தால் பத்து வருடம் கழித்துத் திறக்கச் சொல்லி ஆவணக் காப்பகத்தில் கொடுக்கட்டும், தப்பில்லை. எரிக்கும் உரிமை மட்டும் வாரிசுக்குக் கிடையாது.