ஈரலை மாற்றினால் சர்க்கரை வருமா?

"ஈரலைத்தானே மாத்தினாங்க, சர்க்கரை எங்கேயிருந்து வந்தது?" என்று ஆபரேஷன் முடிந்து வந்தவர் வீட்டில் அங்கலாய்ப்பது சகஜம். புது ஈரலை உடம்பு ஒதுக்கிவிடாமலிருக்கத் தருகிற டாக்ரோலிமஸ் மாத்திரையே காரணமாகலாம். இன்சுலின் சுரப்பதை அது குறைக்கும். ஸ்டீராய்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்! சிறுநீரகத்தின் ரத்தக் குழாய்களையும் அதுவே சுருக்கிவிடும்.

பயந்துபோய் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ஈரலுக்கே ஆபத்து. கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் பொறுப்பு. மருந்தின் அளவு பார்க்கும் நாளில் மட்டும், காலை மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், ரத்தம் கொடுத்த பிறகு விழுங்கச் சொல்லுங்கள். மூட்டுவலி என்றால் உடனே டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் என்று கடையில் வாங்கித் தராதீர்கள், சிறுநீரகம் தாங்காது. பம்பளிமாஸ் பழமும் வேண்டாம், ரத்தத்தில் மருந்தை ஏற்றிவிடும். கால் வீங்கினாலோ, ராத்திரியில் அடிக்கடி சிறுநீருக்கு எழுந்தாலோ, அடுத்த தேதிவரை காத்திராமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.